மைதானம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை

போட்டிகளுக்குச் சனத்தை வரவழைக்க என்ன செய்யலாம் என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நம் உதைபந்தாட்டக் கழகத்தின் பழைய செயலாளர் ஒரு காலத்தில் மைதானத்தை நிரப்பிக் காட்டியவர் என்று உங்களில் யாரோ சொன்னாராம். உண்மைதான். சுற்றுச் சுவரிலும் லொறிக் கூரையிலும் ஆட்கள் ஏறி இருக்கும் அளவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நிரப்பினேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வாசித்து முடித்த பிறகு, இந்த மனிசனிடம் கேட்டது பிழை என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால் எனக்குக் கோபம் வராது.

என்னை அறியாத தம்பிமாருக்காகச் சொல்கிறேன். பகலில் நான் புத்தளத்தில் தபால் கந்தோரில் வேலை செய்தேன். ஆரம்பத்தில் தந்தி கொண்டுபோய்க் கொடுப்பவன். மரணம் சொல்லும் மையித்துச் செய்தி வந்தால் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு சைக்கிளை எடுப்பேன். ஒரு தந்தியையும் நான் பிந்திக் கொடுத்ததில்லை. பின்னேரங்களில் கழகத்து வேலை. செயலாளர், ஒலிபெருக்கியில் அறிவிப்பவர், சுவரொட்டி ஒட்டுபவர் எல்லாம் நான்தான்.

யுத்தம் முடிந்த அடுத்தடுத்த வருடங்களில் எங்கள் மைதானம் வெறிச்சென்று கிடந்தது. சனம் தேநீர்க் கடைகளில் இருந்து வெளிநாட்டுக் கழகங்களின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் இப்போது யோசிப்பதை எல்லாம் நானும் செய்தேன். முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஆலங்குடா வரை போய்க் கத்தினேன். இடைவேளையில் சீட்டிழுத்து சைக்கிள் கொடுத்தேன். சிலாபத்தில் இருந்து பப்பரே வாத்தியக்காரர்களைக் கூட்டிவந்தேன். பெண்கள் இருந்து பார்க்கத் தகரம் அடித்துத் தனி இடம் ஒதுக்கினேன். சைக்கிளுக்கு வந்தவர்கள் சைக்கிளோடு போய்விட்டார்கள். வாத்தியத்துக்கு வந்தவர்கள் வாத்தியம் நின்றதும் எழும்பிவிட்டார்கள். ஓரளவு பயன் தந்தது ஒன்றுதான். கடற்றொழில் செய்கிறவர்களுக்கு நிலாக் காலத்தில் வேலை குறைவு. அந்தக் கிழமையாகப் பார்த்துப் போட்டி வைத்தபோது உடப்பில் இருந்தும் கற்பிட்டிப் பக்கத்தில் இருந்தும் கொஞ்சப் பேர் வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களைச் சுற்றி இருந்த குடியேற்றங்களில் இருந்து ஒருவர்கூட வருவதில்லை. தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் யுத்தத்தில் விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த எங்கள் சனம்தான் அவர்கள். இருபது வருடமாகப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒரே பள்ளியில் தொழுகிறோம். ஆனால் கோபம் வந்தால் எங்கள் ஆட்கள் அவர்களை "அகதி" என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு குடியேற்றத்துக்கு நேரே போனேன். கடை வாசலில் இருந்த ஒரு பெரியவரிடம், "ஏன் நீங்க ஆட்டம் பார்க்க வாறதில்ல?" என்று கேட்டேன்.

"வந்து யாருக்குக் கை தட்டுற?" என்றார் அவர்.

அன்று பின்னேரம் அங்கேயே நின்று, அவர்களுடைய பொடியன்கள் மணல் வெளியில் ஆடுவதைப் பார்த்தேன். இரண்டு தென்னங்குற்றிக்கு நடுவே நின்ற கோல் காப்பாளனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மேசன் வேலைக்குப் போகிறவன். பெயர் அனீஸ். மன்னாரில் இருந்து தாயின் இடுப்பில் வந்தவன் அல்ல, கையைப் பிடித்து நடந்து வந்தவன். வாப்பா இங்கே வந்து மவுத்தாகிவிட்டார். உம்மாவும் இவனும்தான்.

அவனை எங்கள் கழகத்துக்கு எடுத்தேன். கமிட்டியில் முணுமுணுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாம் ஆட்டத்துக்குக் குடியேற்றத்தில் இருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்தார்கள். அதற்கு அடுத்ததற்கு மூன்று டிராக்டர். அவர்கள் சத்தம் போடுவதைக் கேட்டு ஊர்ச் சனமும் வந்தது. அனீஸ் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தால், இருபது வருடம் பக்கத்தில் இருந்தும் முகம் பார்த்துக் கதைக்காதவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அதைப் பார்த்த சந்தோசத்தை நான் மறுக்கமாட்டேன். வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோசம் அதுதான்.

இறுதிப் போட்டிக்கு எங்கள் கழகம் தெரிவானது. அதற்கு முந்தின வியாழக்கிழமை அனீஸ் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, மன்னார்ல எங்கட ஊர்ல அரசாங்கம் காணி குடுக்கப் போகுதாம். பழைய இடத்த நேர்ல நிண்டு காட்டணும். வார புதன்கிழமை எண்டு சொல்லியிருக்காங்க. நாளைக்கே போய் மச்சானோட நிக்கலாம் எண்டு பார்க்கிறன்."

மச்சான் என்றது அவனுடைய பெரியப்பா மகளைக் கட்டியவரை. அவர் முன்கூட்டியே திரும்பிப் போய்த் தரப்பாள் கொட்டிலில் இருந்தார்.

"புதன்கிழமைக்கு ஏன் வெள்ளிக்கிழமையே போற?" என்றேன். "ஞாயிறு ஆட்டத்த முடிச்சிட்டுத் திங்கள் போ. நானே பஸ் ஏத்திவிடுறன்."

"ஓம், நீங்க சொன்னாச் சரி" என்றான்.

அவனுக்கு மேசன் வேலை பிடித்துக் கொடுத்தது எங்கள் கமிட்டிக்காரர் ஒருவர். அவனும் உம்மாவும் இருந்த வாடகை வீடு இன்னொரு கமிட்டிக்காரருடையது. நான் கேட்டால் அவனால் மாட்டேன் என்று சொல்ல ஏலாது. இதை அன்று நான் யோசிக்கவில்லை. அவனுக்கு ஆட்டத்தில் விருப்பம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வானம் காலையில் இருந்தே இருண்டு கிடந்தது. எங்களுக்கு மழை இல்லை, உள்ளே காட்டுப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் சனம் வந்தது. அஸர் தொழுகை முடிந்தவுடன் பள்ளியில் இருந்து நேரே வரிசையாக வந்தார்கள். கற்பிட்டிக் கழகம்தான் எதிரணி என்பதால் அங்கிருந்தும் லொறிகளில் வந்தார்கள். தகர அடைப்புக்குள் பெண்கள் இருக்க இடமில்லாமல் நின்றார்கள். நாலு மணிக்கு ஆட்டம்.

ஆட்டத்துக்கு முன்னால் விளையாட்டுக்காரர்களின் தொலைபேசிகளை எல்லாம் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு நான் வைத்துக்கொள்வது வழக்கம். கவனம் சிதறக் கூடாது என்று நான் கொண்டுவந்த ஒழுங்கு. மூன்றரைக்குக் கிட்ட அந்தப் பைக்குள் ஒரு தொலைபேசி அடித்தது. விட்டுவிட்டு மறுபடி அடித்தது. மூன்றாம் தரம் எடுத்தேன்.

அனீஸின் மச்சான். மூச்சு வாங்கக் கதைத்தார். "அனீஸ் இல்லையா? அப்ப நீங்க சொல்லிருங்க நானா. புதன்கிழமைய மாத்திட்டாங்க. நாளைக்குக் காலம எட்டு மணிக்கு அளக்க வாறாங்களாம். பேர் இருக்கிற ஆள் நேர்ல நிக்கணுமாம். நிக்காட்டி அந்தப் பேர விட்டுட்டுப் போயிருவாங்களாம். நாலரைக்கு எலுவன்குளத்துக் காட்டுப் பாதையால ஒரு பஸ் வரும், அதுல ஏத்தி விட்டுருங்க. இரவைக்கு வந்து சேந்திருவான்."

"சரி, சொல்றன்" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

எழும்பி, விளையாட்டுக்காரர்கள் உடுப்பு மாற்றும் அறைக்கு நடந்தேன். அதுவரைக்கும் சொல்லத்தான் போனேன். அறை வாசலில் இருந்து திரும்பிப் பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரியும். குடியேற்றத்துச் சனம் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிரம்பி வழிந்தது. கை தட்டித் தாளம் போட்டு அனீஸ், அனீஸ் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் இல்லை என்று நான் ஒலிபெருக்கியில் சொன்னால் என்ன நடக்கும்? கல் விழும். அது நடக்காவிட்டாலும், எழும்பிப் போவார்கள், இனி வரமாட்டார்கள். இரண்டு வருடமாக நான் கட்டினது ஒரு பின்னேரத்தில் உடைந்துவிடும்.

இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது. ஆட்டம் ஆறு மணிக்குள் முடியும். ஒரு வான் பிடித்து அனுப்பினால் விடிய முன் போய்விடலாம். அதிகாரிகள் எட்டு மணி என்றால் பத்து மணிக்குத்தான் வருவார்கள். ஒரு பிழையைச் செய்வதற்கு முன்னால் மனிதனுக்கு எவ்வளவு நல்ல காரணங்கள் வருகின்றன என்பதை அன்று கண்டேன்.

உள்ளே அனீஸ் மர வாங்கில் இருந்தபடி விரல்களுக்குப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"என்ன நானா?"

"சனத்தப் பார்த்தியா?" என்றேன்.

"ஓம்." அவன் சிரித்தான். "எங்கட ஆக்கள் எல்லாரும் வந்திருக்காங்க போல."

நான் அவன் தோளில் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒன்றுக்குப் பூச்சியம் என்று ஜெயித்தோம். கடைசி நிமிடங்களில் கற்பிட்டிக்குத் தண்டனை உதை கிடைத்தது. அனீஸ் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். சனம் மைதானத்துக்குள் பாய்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நான் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை பஸ் போய் வெகு நேரம்.

சனம் அவனைக் கீழே இறக்கியதும் கிட்டப் போய்ச் சொன்னேன். "அனீஸ், மச்சான் போன் எடுத்தாரு. காணிய நாளைக்கே அளக்க வாறாங்களாம்."

"எப்ப எடுத்தாரு?"

"இப்பதான்."

அந்த ஒரு சொல்லை நான் எதற்குச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கேட்ட உடனே வாயில் வந்தது.

அவன் கையுறையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு வீதிக்கு ஓடினான். மூன்று வான்காரர்களிடம் நானும் அவனோடு போய்க் கேட்டேன். காட்டுப் பக்கம் மழை, எலுவன்குளத்தில் ஆற்றுத் தண்ணீர் பாதைக்கு மேலால் ஏறுகிறது, இருட்டில் வரமாட்டோம் என்றார்கள். விடிய முதல் பஸ்ஸில் போனான். எலுவன்குளத்தில் பாதையை மூடியிருந்தார்கள். திரும்பி வந்து, அநுராதபுரத்தால் சுற்றி, அவன் தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. அதிகாரிகள் அளந்து, பெயர் எழுதி, போய்விட்டார்கள். எட்டு மணி என்றவர்கள் எட்டு மணிக்கே வந்திருந்தார்கள்.

இவை எல்லாம் பிறகு எனக்கு மற்றவர்கள் சொன்னது. அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் புத்தளத்துக்குத் திரும்பி வந்தான். அன்று பின்னேரமே மைதானத்துக்கும் வந்தான்.

தம்பிமாரே, இதுவரை நான் சொன்னது ஒரு பிழை. பதற்றத்தில் யாருக்கும் வரக்கூடியது என்று வேண்டுமானால் நீங்கள் என்னை மன்னிக்கலாம். இனிச் சொல்லப்போவதற்கு அப்படி ஒரு சாட்டும் இல்லை.

அடுத்த இரண்டு மாதம் அனீஸ் ஒரு நாள் தவறாமல் வந்தான். பருவம் முடிந்துவிட்டது, பயிற்சிகூட இல்லை. ஆனாலும் வந்து, நான் வேலை செய்யும் இடத்தில் நிற்பான். கோல் வலை தைத்தால் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வான். தகரத்துக்கு ஆணி அடித்தால் ஏணியைப் பிடிப்பான். வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருப்பான். பிறகு, "அப்ப வாறன் நானா" என்று சொல்லிவிட்டுப் போவான்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். தெரிந்தால் இப்படி வருவானா? கழகத்தில் அவனுக்கு அவ்வளவு பற்று என்று கமிட்டியிலும் பெருமையாகச் சொன்னேன். ஒரு நாள் அவன், "நானா, உங்களோட ஒரு கதை" என்று தொடங்கினான். நான் அவசரமாக அடுத்த பருவத்துப் போட்டி அட்டவணையை எடுத்து விரித்து, அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டே போனேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் எழும்பிப் போனான்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை அளவில் வருவதை நிறுத்திவிட்டான். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அடுத்த பருவத்தில் அவன் ஆடவில்லை. குடியேற்றத்தில் இருந்து டிராக்டர் வரவில்லை. ஊர்ச் சனமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நான் தொலைக்காட்சியைக் குற்றம் சொன்னேன், மழையைச் சொன்னேன், பாதிச் சனம் மன்னாருக்குத் திரும்பிவிட்டது என்றும் சொன்னேன். கமிட்டி கேட்டுக்கொண்டது. நான் ஓய்வு பெறும் வரைக்கும் அந்த மைதானம் மறுபடி நிறையவில்லை.

ஓய்வு பெற்ற வருடம் அனீஸைத் தேடிப் போனேன். அப்போது அவன் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். வெயிலில் உப்பு வாரிக் குவித்துக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டு மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தான். வரம்பில் இருந்தோம். தொலைபேசி வந்த நேரத்தையும், நான் அறை வாசல் வரைக்கும் வந்து சொல்லாமல் திரும்பியதையும், இப்பதான் என்று பொய் சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

முடிந்ததும், "மச்சான் அண்டைக்கே சொன்னாரு நானா" என்றான். "நான் போய் இறங்கின உடனே கேட்டாரு, மூண்டரைக்கு உங்க செயலாளர்ட்ட சொன்னனே, ஏன் வரல்ல எண்டு."

"தெரிஞ்சுகொண்டா மைதானத்துக்கு வந்த?"

"காணி இல்லாமப் போன ஆக்களுக்கு ரெண்டு மாசம் தந்தாங்க. ஏன் நிக்கல்ல எண்டு காரணம் எழுதி, சாட்சியோட குடுக்கச் சொன்னாங்க. மச்சான்ட கடிதம் செல்லாதாம், சொந்தக்காரர் எண்டு. அண்டைக்குப் போன்ல கேட்டவர் எழுதித் தரணும் எண்டு சொன்னாங்க." அவன் கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினான். "அந்த ரெண்டு மாசமும்தான் நான் வந்த."

"நீ கேட்டிருக்கலாமே, அனீஸ்."

"உங்கட ஊர்ல, உங்கட ஆக்கள்ற வீட்டுல இருந்துகொண்டு உங்கள எப்படி நானா கேக்கிற? கேட்டா உங்களப் பொய்யன் எண்டு சொன்ன மாதிரி ஆகும். நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பார்த்தன். ஒரு நாள் கேக்கத்தான் வந்தன். நீங்க அட்டவணையைக் காட்டினீங்க."

இப்போதே கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். தன் இடத்தில் வேறு ஆட்களுக்குப் பெயர் பதிந்து வீடும் கட்டிவிட்டார்கள் என்றான். ஆனாலும் எழுதினேன். இருவரும் மன்னாருக்குப் போய் அந்தக் கந்தோரில் கொடுத்தோம். வாங்கிய பெண் திகதியைப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார். அதற்கு இன்று வரை பதில் இல்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் சுருக்கமானது. ஒரு ஆளைப் பார்க்கச் சனம் வருகிறதென்றால், அந்த ஆளை உங்கள் உடைமை என்று நினைக்கத் தொடங்குவீர்கள். அந்த இடத்தில் நின்று யோசியுங்கள். ஒரு விளையாட்டுக்காரனுக்கு வீட்டில் இருந்து செய்தி வந்தால், மைதானம் நிறைந்திருந்தாலும் ஆட்டத்தை நிறுத்திச் சொல்லுங்கள். சொல்லத் தவறிவிட்டால் அடுத்த நாளே போய் உண்மையைச் சொல்லுங்கள். அடுத்த நாள் சொல்லியிருந்தால் அனீஸுக்கு அவனுடைய காணி கிடைத்திருக்கும்.

மன்னாரில் இருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவன் ஒன்று கேட்டான். "உம்மாட்ட வந்து இதைச் சொல்ல ஏலுமா நானா? நான் ஆட்டத்து ஆசையில, தெரிஞ்சுகொண்டே நிண்டுட்டன் எண்டுதான் அவ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா."

போனேன். அதே வாடகை வீடு. அவனுடைய உம்மா கட்டிலில் சாய்ந்து இருந்தார். கால் முற்றாக ஏலாமல் போயிருந்தது. நான் கதிரையில் இருந்து, முதலில் இருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அப்ப இவன் தெரிஞ்சுகொண்டு நிக்கல்லயா?"

"இல்ல உம்மா. இவனுக்குத் தெரியாது. நான்தான் சொல்லல்ல."

அவர் மகனை வெகு நேரம் பார்த்தார். அனீஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு ஆட்டம் பார்க்க எத்தின பேர் மவன் வந்திருந்தாங்க?"

"நிறையப் பேர் உம்மா. அதுக்கு முந்தியும் அப்படி வரல்ல, பிந்தியும் வரல்ல."

அவர் தலையை ஆட்டினார். "மன்னார்ல எங்கட ஊர்ல மொத்தமே அறுபது வீடுதான், அதுல ஒண்டு எங்கட" என்றார்.

எனக்குத் தேயிலை ஊற்றிக் கொடுக்கும்படி மகனிடம் சொன்னார். அவன் கொண்டுவந்து தந்தான். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதை முழுக்கக் குடித்துவிட்டு எழும்பினேன்.